எந்தச் சபைக்கு ஆயர்? அதை முடிவு செய்துவிட்டுக் கல்லூரியைத் தேடுங்கள்

தேவகோட்டையிலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகன் காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டான். தலைமுறையாக சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பம். பையன் ஞாயிறு காலை அங்கே போய்விட்டு, மாலையில் நண்பர்களோடு ஒரு சுயாதீன ஜெபவீட்டுக்கும் போகிறான். வங்கித் தேர்வுக்குப் படிடா என்றால், "எனக்கு அழைப்பு இருக்குப்பா, முழுநேர ஊழியத்துக்குப் போறேன்" என்கிறான். ஒரு வேதாகமக் கல்லூரியின் நோட்டீஸையும் கொண்டுவந்து காட்டியிருக்கிறான்: ஓராண்டில் இளங்கலை, அடுத்த ஆறு மாதத்தில் முதுகலை, அதற்குப் பிறகு விருப்பப்பட்டால் 'டாக்டர்'. "சேர்த்துவிடலாமா, இந்தப் பட்டம் செல்லுமா, இது அவனுக்குச் சோறு போடுமா?" என்று மூன்று கேள்வி.

இறையியல் மாணவர்களுக்குப் பாடம் சொல்லி ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் சொல்கிறேன், ஐயா. நோட்டீஸை மடித்து ஓரமாக வையுங்கள். எந்தக் கல்லூரி என்பது இரண்டாவது பேச்சு. எந்தச் சபையில் அவன் ஆயராக இருக்கப் போகிறான் என்பதுதான் முதல் பேச்சு. கல்லூரி யாரையும் ஆயராக்குவதில்லை. படிப்பித்துச் சான்றிதழ் கொடுக்கும், அவ்வளவுதான். ஆயராக அபிஷேகம் பண்ணுவது, சேகரம் (ஓர் ஆயரின் பொறுப்பில் உள்ள பகுதி) கொடுப்பது, சம்பளம் போடுவது, தப்புச் செய்தால் கூப்பிட்டு விசாரிப்பது எல்லாம் சபை. அதனால் சி.எஸ்.ஐ.யிலும் லுத்தரன் சபைகளிலும் நெடுநாளாக உள்ள ஒழுங்கு, சபை ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பும், கல்லூரி படிப்பிக்கும், சபை திரும்ப வாங்கிக்கொள்ளும் என்பது.

உங்கள் வீட்டு நிலைமைக்கு அதன் நடைமுறை இப்படி. நீங்கள் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தில், அதாவது அந்தப் பேராயரின் ஆளுகைப் பகுதியில், வருகிறீர்கள். பையன் முதலில் தன் சொந்த ஆயரிடம் போய்த் தன் விருப்பத்தைச் சொல்ல வேண்டும். சேகரக் கமிட்டி பரிந்துரை எழுதித் தர வேண்டும். அதன்பின் திருமண்டல அளவில் தேர்வு, நேர்காணல், மருத்துவச் சான்று. சில திருமண்டலங்களில் கல்லூரிக்கு அனுப்புவதற்கு முன்பே ஓர் ஆயருக்குக் கீழே கொஞ்ச காலம் வேலை செய்யச் சொல்வார்கள். வயது வரம்பும் கால அளவும் திருமண்டலத்துக்குத் திருமண்டலம் மாறும், அதை மதுரை அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். படித்து வந்த பிறகும் உடனே அங்கி மாட்டிவிட மாட்டார்கள். பயிற்சிக் காலம், பிறகு டீக்கன் என்கிற உதவி ஆயர் நிலை, அதற்குப் பிறகுதான் முழு ஆயர்.

இந்த வரிசையைத் தலைகீழாக்கிக்கொண்டு தவிக்கிற பிள்ளைகள் நிறையப் பேர். ஸ்பான்சர் இல்லாமல் சொந்தக் காசில் பி.டி. என்கிற இறையியல் பட்டத்தை முடித்துவிட்டு, "என்னை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று திருமண்டலம் திருமண்டலமாக அலைவார்கள். திருமண்டலம் தன் தேவைக்கு ஏற்பத்தான் ஆள் எடுக்கும். முப்பது வயதைத் தாண்டி, கல்யாணமும் ஆகி, கையில் நல்ல மதிப்பெண் பட்டியலோடு நிற்கிற அந்தப் பையனைப் பார்த்தால் வயிறு எரியும். அவன் படிப்பில் ஒரு குறையும் இருக்காது.

'அழைப்பு இருக்கிறது' என்று சொல்வதை நான் கிண்டல் செய்யவில்லை. அதில்லாமல் இந்த வேலையில் நாலு வருஷம் தாங்க முடியாது. ஆனால் அழைப்பு என்பது அவனுக்கு மட்டும் கேட்டால் போதாது, கூட இருக்கிற சபையாருக்கும் கொஞ்சம் தெரிய வேண்டும். ஓய்வுநாள் பாடசாலையில் பத்துப் பிள்ளைகளை உட்கார வைத்து ஒரு கதை சொல்லி முடிக்கிறானா? ஆஸ்பத்திரியில் கிடக்கிற பாட்டியைப் பார்க்க, யாரும் சொல்லாமல், பஸ் ஏறிப் போகிறானா? மைக் கிடைக்காத ஞாயிற்றுக்கிழமையும் சந்தோஷமாக இருக்கிறானா? இதையெல்லாம் ஆயரும் மூப்பர்களும் ஒன்றிரண்டு வருஷம் பார்க்கட்டும். அதுவே பயிற்சியின் முதல் பாகம்.

சரி, பட்டத்துக்கு வருவோம். நம் நாட்டில் இறையியல் பட்டங்களுக்கு மூலம் வங்காளத்துச் செராம்பூர். வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் 1818-ல் அங்கே கல்லூரி தொடங்கினார்கள். ஊர் அப்போது டென்மார்க்காரர் கையில் இருந்ததால், 1827-ல் டென்மார்க் மன்னர் பட்டம் வழங்கும் உரிமையோடு சாசனம் கொடுத்தார். ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியபின் 1918-ல் வங்காளச் சட்டம் ஒன்று அந்த உரிமையை உறுதிசெய்தது. அந்தச் சட்டப்படி அமைந்த செராம்பூர் செனட்தான் இன்றைக்கும் இந்தியா முழுக்க உள்ள இணைப்புக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுத்து, தேர்வு நடத்தி, பட்டம் கொடுக்கிறது. சி.எஸ்.ஐ. போன்ற சபைகள் ஆயர் வேலைக்குக் கேட்பது பெரும்பாலும் இந்த பி.டி. பட்டத்தைத்தான். ஏற்கெனவே டிகிரி முடித்தவர்களுக்கு நாலு வருஷம். பிளஸ் டூவிலிருந்து நேரே வந்தால் ஐந்து.

இன்னொரு பக்கம் ஆசிய இறையியல் சங்கம், ஆங்கில எழுத்தில் ஏ.டி.ஏ. என்பார்கள். 1970-ல் உருவானது. சுவிசேஷ மரபுக் கல்லூரிகள் பல இதன் அங்கீகாரம் பெற்றவை. இது பல்கலைக்கழகம் இல்லை. கல்லூரிகளின் தரத்தைச் சோதித்து ஒப்புதல் தரும் அமைப்பு. இந்த அங்கீகாரமுள்ள கல்லூரிகளில் நன்றாகவே சொல்லிக்கொடுக்கிறவை உண்டு. பட்டம் சபைகளுக்குள்ளும் மிஷன் அமைப்புகளுக்குள்ளும் செல்லும்.

மூன்றாவது வகைதான் உங்கள் மகன் கொண்டுவந்த நோட்டீஸ். 1956-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22-வது பிரிவைப் பாருங்கள்: சட்டப்படி அமைந்த பல்கலைக்கழகமோ, அதற்கு இணையாக அறிவிக்கப்பட்ட நிறுவனமோ, நாடாளுமன்றச் சட்டம் அதிகாரம் கொடுத்த நிறுவனமோ தவிர வேறு யாரும் பட்டம் வழங்க முடியாது. ஒரு மாடிக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து, வெளிநாட்டுப் பெயர் ஒன்றைப் பலகையில் எழுதிக்கொண்டு, அங்கியும் தொப்பியும் மாட்டிப் போட்டோ எடுத்து 'டாக்டர்' கொடுப்பதற்குச் சட்டத்தில் இடம் கிடையாது. முறையாகப் போனால் எத்தனை வருஷம் ஆகும் என்று கூட்டிப் பாருங்கள்: பி.டி. நாலு, எம்.டிஎச். என்கிற முதுகலை இரண்டு, அதற்கு மேல் ஆய்வுக் காலம். ஒன்றரை வருஷத்தில் எல்லாம் முடிகிறது என்றால், அங்கே பாடம் நடக்கவில்லை, வியாபாரம் நடக்கிறது. கூட்டத்துக்குக் கூட்டம் போஸ்டரில் 'டாக்டர்' போட்டால்தான் மரியாதை என்று நாமும் பழக்கிவிட்டோம், வாங்குகிறவர்களை மட்டும் திட்டி என்ன?

அரசு வேலைக்கு பி.டி.யை நம்ப வேண்டாம். அதற்கு அவனுடைய பி.காம். இருக்கிறது, அது கெட்டுப்போகாது. சொல்லப்போனால் பி.காம். முடித்த ஆயர் சேகரத்துக்குப் பெரிய லாபம். காணிக்கைக் கணக்கு, சங்கக் கணக்கு, கட்டட நிதி என்று ஆயரின் தலையை உருட்டுகிற விஷயங்களில் பாதி கணக்கு எழுதத் தெரியாததால் வருகிறவை.

எங்கே படிப்பது? பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரி 1910-ல் தொடங்கியது. ஆங்கில வழி, பல மாநிலத்துப் பிள்ளைகள், ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவனுக்கு அருமையான நூலகம். சென்னை கீழ்ப்பாக்கத்தில் லுத்தரன் சபைகளின் குருகுலம் இருக்கிறது. உங்களுக்குப் பக்கத்தில் மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி, 1969-லிருந்து சி.எஸ்.ஐ.யும் லுத்தரன் சபைகளும் சேர்ந்து நடத்துவது. எந்தக் கல்லூரி என்பதைத் திருமண்டலமே பெரும்பாலும் முடிவு செய்யும். என்னைத் தனியாகக் கேட்டால், இந்தச் சீமையில் ஊழியம் செய்யப்போகிறவன் அரசரடிக்குப் போகட்டும் என்பேன். தமிழில் இறையியல் சொல்லிக்கொடுப்பதை அந்தக் கல்லூரி தன் கொள்கையாக வைத்திருக்கிறது. மாணவர்களை வளாகத்துக்கு வெளியே கிராமத்திலும் குடிசைப் பகுதியிலும் மக்களோடு தங்கவைத்துப் படிப்பிக்கிற வழக்கத்துக்கும் அது பெயர் போனது. பரட்டை அண்ணன் என்று மாணவர்கள் அழைத்த தியாபிலஸ் அப்பாவு அங்கேதான் பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். 2005-ல் காலமானார். அவர் பாட்டுகளைச் சபைகளில் இன்றும் பாடுகிறார்கள்.

தமிழ் என்று நான் அழுத்துவதற்குக் காரணம் நம் ஊர்தான். காரைக்குடியில் சா. கணேசன் கம்பன் விழா தொடங்கி எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கே செட்டியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவருக்கும் காது பழகியிருக்கிறது. நல்ல தமிழ் எது, இழுத்துக் கத்துவது எது என்று அவருக்குத் தெரியும். கன்வென்ஷன் மேடையில் கேட்ட பாணியை அப்படியே பிடித்துக்கொண்டு, வெளிநாட்டுப் பிரசங்கியார் மூச்சு வாங்குகிற இடத்தில் தானும் மூச்சு வாங்குகிற ஓர் இளைஞர், இந்த ஊரில் கல்யாண வீட்டில் வாழ்த்துரை சொல்ல எழுந்தால் சபையார் தலை குனிய வேண்டியிருக்கும்.

உள்ளே என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று உங்களுக்குக் குழப்பம் இருக்கலாம். 'வேதம் வாசிக்கத் தெரிந்தால் போதாதா, இதற்கு நாலு வருஷமா?' என்று பல வீடுகளில் கேட்கிறார்கள். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, கோட்பாடு, திருச்சபை வரலாறு, பிற சமயங்கள், சமூக ஆய்வு, ஆயர் பணி என்று பாடங்கள். கூடவே கிரேக்கமோ எபிரேயமோ. விடுதியில் பல் விளக்கிக்கொண்டே "லூஓ, லூஏஇஸ், லூஏஇ" என்று முணுமுணுக்கிற பையனைப் பார்த்தால், முதல் வருஷத்துக் கிரேக்க வகுப்பில் மாட்டியிருக்கிறான் என்று அர்த்தம். கிரேக்க வினைச்சொல் வாய்பாடு அது, எல்லாரும் அதிலிருந்துதான் தொடங்குவார்கள். பாதிப் பேர் பிறகு மறந்துவிடுவார்கள், அதில் பெரிய நஷ்டம் இல்லை. ஒரு வசனத்தை அவசரமாகத் தூக்கிக்கொண்டு ஓடாமல் நின்று பார்க்கிற நிதானம் தங்கிவிடுகிறது.

அது எப்படித் தங்குகிறது என்பதற்குப் பிரசங்க வகுப்பைச் சொல்கிறேன். மாணவன் முன்னால் நின்று பதினைந்து நிமிஷம் பேச வேண்டும். எதிரே கூடப் படிக்கிறவர்கள் தாளும் பேனாவுமாக. ஒரு புது மாணவன் புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் வருகிற எரேமியா 29:11-ஐ எடுத்துக்கொள்வான். தேவன் நம்மைக் குறித்து நினைப்பது தீமையான நினைவுகள் அல்ல, சமாதானத்துக்கான நினைவுகள் என்கிற வசனம். இந்த வருஷம் வேலை கிடைக்கும், வீடு கிடைக்கும் என்று உருக்கமாக முடிப்பான். உட்கார்ந்ததும் ஆரம்பிக்கும். "தம்பி, அது யாருக்கு எழுதின கடிதம்?" பாபிலோனுக்குச் சிறை போனவர்களுக்கு. "அதே கடிதத்தில் பத்தாம் வசனம் என்ன சொல்கிறது?" எழுபது வருஷம் கழித்துத்தான் திரும்புவீர்கள் என்கிறது. "அப்படியென்றால் அதைக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் ஊர் திரும்பியிருப்பார்கள்?" பையன் விழிப்பான். "ஐந்தாம் வசனம்?" அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள். கொஞ்ச நேரத்தில் அவனுக்கே தெரிந்துவிடும், அந்த வசனத்தில் வேறு ஒரு பிரசங்கம் இருக்கிறது, அது தான் பேசியதைவிடக் கனமானது என்று. வீட்டுக்காரர் சிங்கப்பூரில், பிள்ளை துபாயில் என்று பல வருஷமாகக் காத்திருக்கிற குடும்பங்கள் உள்ள நம் பக்கத்தில் அந்த இரண்டாவது பிரசங்கம்தான் வேலை செய்யும்.

கேத வீட்டுக்கு, அதாவது சாவு வீட்டுக்கு வருவோம். செட்டிநாட்டுச் சபைகளில் பல குடும்பங்கள் பாதி வீடு. அண்ணன் ஞானஸ்நானம் எடுத்திருப்பார், தம்பி குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவார், அக்கா தைப்பூசத்துக்குப் பழனி நடப்பார். அம்மா இறந்துவிட்டால் புதைப்பதா எரிப்பதா, நீர்மாலை எடுப்பதா வேண்டாமா, பங்காளிகள் எங்கே நிற்பது என்று முற்றத்தில் குரல் உயரும். ஆயர் வந்ததும் எல்லாரும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள். இருபத்தாறு வயதுப் பையன் அங்கே என்ன பேசுவது? பேசாமல் முதலில் அந்தத் தம்பி பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. பழைய ஆயர் ஒருவரோடு நாலு கேத வீட்டுக்குப் போனவனுக்குத்தான் தெரியும். அதற்காகத்தான் வார இறுதி ஊழியம், கோடைப் பணி, களப்பயிற்சி என்று பாடத்திட்டத்திலேயே வைத்திருக்கிறார்கள். நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் பர்மாக் கடையில் பெட்டியடிப் பையனாக உட்கார்ந்து, அடுத்தாளாகி, அதற்குப் பிறகுதானே ஏஜெண்டு ஆனார்கள்? இதுவும் அந்த மாதிரிதான். குறுக்குவழிக் கல்லூரிகளில் முதலில் காணாமல் போவது இந்தப் பகுதிதான், ஏனென்றால் அதற்கு ஆளும் நேரமும் வேண்டும்.

பிற சமயங்கள் என்ற பாடத்தைச் சில பெற்றோர் சந்தேகமாகப் பார்க்கிறார்கள், பையன் நம்பிக்கை ஆட்டம் கண்டுவிடுமோ என்று. செட்டிநாட்டில் வேலை செய்ய அது இல்லாமல் முடியாது. கோவிலூர் மடத்தில் 'கைவல்லிய நவநீதம்' முதலான வேதாந்த நூல்களைத் தமிழில் வரிசையாகப் பாடம் கேட்டுப் படிக்கிற மரபு இருந்தது. பிள்ளையார்பட்டியில் வேத ஆகமப் பாடசாலை நடக்கிறது. சமயப் படிப்பு என்றால் வருஷக்கணக்கில் உட்கார்ந்து படிப்பது என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் நடுவே ஆறு மாதச் சான்றிதழோடு போய் நின்றால், வெளியே சொல்லமாட்டார்கள், மனசுக்குள் எடை போட்டுவிடுவார்கள். 1982-ல் மண்டைக்காட்டில் இந்து-கிறிஸ்தவக் கலவரம் வந்தபோது சமாதானம் பண்ணப் போனவர்களில் நம் சைவ மடத்துக் குன்றக்குடி அடிகளாரும் ஒருவர். அப்படிப்பட்ட ஆள் எதிரே வந்து உட்கார்ந்தால் சரிசமமாகப் பேசத் தெரிந்த ஆயர் நம் பக்கத்திலும் இருக்க வேண்டாமா?

பட்டம் இல்லாமல் ஊழியமே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தேவகோட்டைப் பக்கத்து ஓரியூரில் 1693 பிப்ரவரி 4-ல் போர்ச்சுகல் நாட்டுக் கத்தோலிக்கக் குருவான அருளானந்தர் கொல்லப்பட்டார். அதற்கு முந்திய கதையைப் பாருங்கள். நோயில் கிடந்த மறவர் சீமை இளவரசர் தடியத்தேவர் ஆள் அனுப்பியபோது, அருளானந்தர் தாம் போகாமல் ஓர் உபதேசியாரை (குருப்பட்டம் பெறாத போதனையாளரை) அனுப்பினார். அவர்தான் போய்ச் சுவிசேஷம் வாசித்து ஜெபித்தார், தேவர் எழுந்தார் என்பது அந்த வரலாறு. மறவர் சீமையில் சபையைத் தாங்கினவர்கள் இப்படிப்பட்ட உபதேசியார்கள். புராட்டஸ்டன்டு பக்கமும் அதே கதைதான். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தது 1706-ல். முதல் தமிழ் ஆயராக ஆரோன் அபிஷேகம் பெற்றது 1733-ல். அவரும் உபதேசியாராக இருந்து பழகி வந்தவர்தான். நடுவில் இருபத்தேழு வருஷம்.

அதனால் பையனுக்கு இன்னொரு வழியும் சொல்லுங்கள். வங்கி வேலையோ தணிக்கையாளர் அலுவலக வேலையோ பார்த்துக்கொண்டே படிக்கலாம். வேலையை விடாமல் இறையியல் படிக்கிற முறை 1963-ல் குவாத்தமாலாவில் தொடங்கியது. நம் நாட்டில் அதற்கென்றே டாப்டீ என்ற அமைப்பு 1971 முதல் பெங்களூரிலிருந்து நடக்கிறது. வீட்டில் பாடத்தைப் படித்துவிட்டு, குழுவாகக் கூடி விவாதிப்பார்கள். செராம்பூர் செனட்டிலும் அஞ்சல் வழிப் படிப்பு உண்டு. சபைக்குள் பிரசங்கம், வேதபாடம், இளைஞர் வேலை எல்லாவற்றுக்கும் அது தாராளமாகப் போதும். இரண்டு வருஷம் அப்படிப் படித்த பிறகும் மனசு முழுநேரத்தையே நாடினால், அப்போது மதுரைக்கு விண்ணப்பம் போடட்டும்.

கத்தோலிக்க வீடுகளில் இந்தக் குழப்பம் குறைவு. சிவகங்கை மறைமாவட்டத்தில் பங்குத்தந்தையிடம் சொன்னால் இறையழைத்தல் முகாமுக்கு அனுப்புவார், பிறகு குருமடம். திருச்சபைச் சட்டப்படி மெய்யியலும் இறையியலும் சேர்ந்து குறைந்தது ஆறு முழு ஆண்டுகள், குருப்பட்டத்துக்கு வயது இருபத்தைந்தாவது ஆகியிருக்க வேண்டும். கல்யாணம் கிடையாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

மகன் சுயாதீன ஜெபவீட்டுக்கே போவேன் என்று நின்றால்? தடுக்க வேண்டாம், அங்கேயும் உண்மையாக உழைக்கிற போதகர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் போதகரிடம் நீங்களே போய் நேராகக் கேளுங்கள்: இவனை யார் மேற்பார்ப்பது, காணிக்கைக் கணக்கை யார் தணிக்கை செய்வது, இவனுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் யார் பொறுப்பு, தவறு நடந்தால் யாரிடம் முறையிடுவது? முகம் சுளிக்காமல் பதில் சொன்னால் நல்ல இடம். சொன்ன பிறகு ஏ.டி.ஏ. அங்கீகாரமுள்ள கல்லூரி ஒன்றில் குறைந்தது மூன்று வருஷமாவது படிக்க அனுப்பச் சொல்லுங்கள்.

சோறு போடுமா என்றால், சி.எஸ்.ஐ. ஆயருக்குத் திருமண்டலச் சம்பளமும் குடியிருக்க வீடும் உண்டு. வசதியாக வாழலாம் என்று சொல்லமாட்டேன், மரியாதையாக வாழலாம். சில வருஷத்துக்கு ஒரு தடவை இடமாற்றம் வரும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறும், வரப்போகிற மருமகள் வேலைக்குப் போகிறவளாக இருந்தால் அங்கேதான் முதல் சிக்கல் வெடிக்கும். பெண் பார்க்கிற போதே இதைச் சொல்லிவிடுங்கள். உங்கள் வீட்டில் மகளும் இதே ஆசையோடு இருந்தால் அவளுக்கும் இதே பதில்தான்: சி.எஸ்.ஐ.யில் பெண்கள் ஆயராகிப் பல காலம் ஆயிற்று, 2013-ல் நந்தியால் திருமண்டலத்துக்குப் பெண் பேராயரே வந்துவிட்டார்.

இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நீங்களும் மகனும் சேர்ந்தே ஆயரைப் பாருங்கள். ஞானஸ்நானச் சான்று, திடப்படுத்தல் சான்று, டிகிரிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டுத் தயாராக வையுங்கள். ஞானஸ்நானப் பதிவேடு வேறு ஊர்ச் சேகரத்தில் இருந்தால் அதை எடுத்து வரத்தான் நாள் பிடிக்கும், அதை முதலில் ஆரம்பியுங்கள். நோட்டீஸ் கொடுத்த கல்லூரியிலிருந்து மறுபடி போன் வந்தால், "செராம்பூர் செனட் இணைப்பா, ஏ.டி.ஏ. அங்கீகாரமா, கடிதத்தின் நகலை அனுப்புங்கள்" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிடுங்கள்.